ஐடி கேட்காமல் விற்ற ஒரு போத்தல்

லண்டனின் புறநகர் ஒன்றில் 2014இலிருந்து ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பால், பாண், பத்திரிகை, லொத்தர், பின்சுவர் முழுக்கக் குடிவகை. எங்கள் ஆட்கள் நடத்தும் மற்றக் கடைகள் எப்படியோ அப்படித்தான் இதுவும். 2022 மே மாதம் பதினெட்டு வயது ஆகாத ஒரு பிள்ளைக்கு நான் வைன் விற்றுவிட்டேன். தெரிந்து செய்யவில்லை. அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதங்களை மனைவியைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாமல் கடந்தேன். வெட்கம்தான் காரணம். பக்கத்து ரோட்டில் கடை வைத்திருக்கும் நண்பரிடம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதிப் பிழைகளைத் தவிர்த்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். கவுண்டரில் நிற்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் அண்ணன்மாருக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உண்மையில் இது மார்ச் மாதத்திலேயே தொடங்கிவிட்டது. மார்ச் 5, சனிக்கிழமை. நான் காஷ் அண்ட் கரிக்கு, அதாவது மொத்த விலைக் கடைக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தேன். கடையில் நின்றது எனக்குத் தூரத்து உறவான ஒரு தம்பி. படிக்க வந்தவன், வார இறுதியில் என்னிடம் வேலை. அவன் ஒரு பெடியனுக்கு நாலு கான் சைடர் (அப்பிள் மது) விற்றிருக்கிறான். அந்தப் பெடியனை அனுப்பியதே கவுன்சிலின் (உள்ளூராட்சி சபை) ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் ஆட்கள்தான், கடைகள் சட்டப்படி விற்கின்றனவா என்று பார்க்கிற பிரிவு. பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒருவரை அனுப்பி, கடை ஐடி கேட்கிறதா என்று பார்ப்பார்கள். டெஸ்ட் பேர்ச்சஸ் என்று இதற்குப் பெயர். அவர்களோடு வந்த பொலிஸ் தம்பிக்கு 90 பவுண்ஸ் அபராதச் சீட்டு கொடுத்தது. விற்றவன் அவன் என்பதால் சீட்டும் அவன் பெயருக்குத்தான். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தை நான் ஒருமுறைதான் வாசித்தேன். தம்பியைக் கூப்பிட்டு நன்றாகப் பேசினேன். "உனக்குக் கண் தெரியாதோ?" என்று கேட்டது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. அவன் "சொறி அண்ணை" என்று மட்டும் சொன்னான். 90 பவுண்ஸை அவனே கட்டினான், அவனுடைய ஒரு நாள் சம்பளத்தைவிடக் கூட. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கடிதத்தை மடித்து லாச்சியில் போட்டேன். வந்தார்கள், பிடித்தார்கள், போய்விட்டார்கள், இனி ஒரு வருடத்துக்கு வரமாட்டார்கள் என்று நினைத்தேன். இதுதான் என் முதல் பிழை, பெரிய பிழையும் இதுதான். ஒருமுறை தவறிய கடைக்குத்தான் அவர்கள் திரும்ப வருவார்கள். அந்தக் கடிதம் வந்த கிழமையே கடையில் நிற்கிற எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்து, அதை எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும். நான் ஒருவனைத் திட்டியதோடு விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. மூன்று மாதத்துக்குள் ஒரே கடையில் இரண்டு தடவை இப்படி விற்பனை நடந்தால் அது தனியான குற்றம். முதல் தடவை ஒருவர், இரண்டாம் தடவை வேறொருவர் விற்றாலும் கணக்கு ஒன்றுதான். கணக்கு ஆளுக்கு இல்லை, கடைக்கு. பொறுப்பு கடையின் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2003ஆம் ஆண்டு லைசென்சிங் அக்ட் இதைத் தெளிவாகச் சொல்கிறது. லைசென்ஸ் எடுக்கும்போது அந்தப் பாடத்தைப் படித்துச் சோதனையும் எழுதியவன் நான். எட்டு வருடத்தில் மறந்துபோயிருந்தது.

மே 14, அதுவும் சனிக்கிழமைதான். பின்னேரம் ஆறரை மணி இருக்கும். மழை விட்டிருந்தது. கவுண்டருக்கு முன்னால் நாலைந்து பேர். ஒருவர் பார்சல் அனுப்ப நிற்கிறார், இன்னொருவருக்குக் காஸ் கார்ட் டொப் அப் செய்ய வேண்டும், காதில் போன், மறுபக்கம் பால் கொண்டுவருகிற ஆள். அந்தப் பிள்ளை றோஸ் வைன் போத்தல் ஒன்றையும் ஒரு சிப்ஸ் பக்கற்றையும் கொண்டுவந்து வைத்தாள். உயரமான பிள்ளை, முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள், முகத்தில் கொஞ்சம் மேக்கப். நான் அவளைப் பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. என் கண் அவளுக்குப் பின்னால் நின்ற வரிசையில் இருந்தது. ஸ்கான் செய்தேன், அவள் காசு தந்தாள், மிச்சம் கொடுத்தேன். முழுதுமாக இருபது விநாடிகூட இருக்காது.

இரண்டு நிமிடத்தில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் உள்ளே வந்து ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அட்டையைக் காட்டினார்கள். அந்தப் பெண்ணின் கையில் தெளிவான பிளாஸ்டிக் பையில் அதே போத்தல். வரிசையில் நின்றவர்கள் போகும்வரை பொறுத்திருந்தார்கள், அந்த மரியாதைக்கு இன்றும் நன்றி. "இதை வாங்கியவருக்குப் பதினாறு வயது" என்றார் அந்த அதிகாரி. என் கால் உண்மையாகவே நடுங்கியது. பிறகு அவர் ரெஃப்யூசல் புத்தகத்தைக் கேட்டார். ஐடி இல்லாதவர்களுக்கு விற்க மறுத்தால் நேரம், பொருள், ஆளின் அடையாளம் எல்லாம் எழுதி வைக்கிற கொப்பி. பில் போடுகிற டில்லுக்குப் பக்கத்தில் ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். கடைசியாக எழுதியிருந்த வரி மார்ச் 19. அதுவும் தம்பியின் கையெழுத்து. திட்டு வாங்கியபிறகு இரண்டு கிழமை அவன் மட்டும் எழுதியிருக்கிறான். அதற்குப் பிறகு எட்டுக் கிழமை வெறுமை. என் கையெழுத்து அந்தப் பக்கத்தில் எங்கேயுமே இல்லை. அவர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தார்.

இந்தக் கொப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல கடைகளில் இதை அதிகாரிகளுக்காக வைத்திருக்கிற ஒரு சடங்காகத்தான் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் சனிக்கிழமை இரவில் குடிவகை விற்கிற ஒரு கடையில் எட்டுக் கிழமையாக ஒருவரைக்கூட மறுக்கவில்லை என்றால் அதன் அர்த்தம் ஒன்றுதான்: நாங்கள் யாரிடமும் கேட்கவே இல்லை. வெறுமையான பக்கம் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அதே நேரம் கிழமைக்கு நாலைந்து வரி ஒழுங்காக எழுதியிருந்தால், ஒருநாள் ஒருவர் தவறினாலும் முதலாளி தன்னால் முடிந்ததெல்லாம் செய்திருக்கிறார் என்று காட்ட அதுதான் முதல் ஆதாரம். வேலையாள் செய்த பிழைக்கு முதலாளி பொறுப்பில்லை என்று வாதாடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் உரிய கவனம் எல்லாம் எடுத்தேன் என்று காட்ட வேண்டும், வாயால் சொன்னால் போதாது. நாளைக்கு உட்கார்ந்து ஒரே பேனாவில் இரண்டு மாதத்தையும் எழுதி நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். பார்த்தவுடனே கண்டுபிடிப்பார்கள், பிறகு நீங்கள் சொல்கிற வேறெதையும் நம்பமாட்டார்கள்.

அன்று இரவு மனைவியிடம் சொன்னேன். "நீங்கள் கேக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்குத்தான் அடுத்த ஐந்து மாதமும் வெவ்வேறு மேசைகளில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே மாதக் கடைசியில் கவுன்சிலிலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. இன்டர்வியூ அண்டர் கோஷன், அதாவது சட்டப்படி எச்சரித்துவிட்டு எடுக்கும் விசாரணை என்று எழுதியிருந்தார்கள். ஏதோ விளக்கம் கேட்கிறார்கள், உண்மையைச் சொன்னால் சரி என்று தனியாகப் போனேன். அது எனது இரண்டாவது பெரிய பிழை. அங்கே ஒலிப்பதிவு ஓடுகிறது. நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் அது சாட்சியமாகப் பயன்படலாம் என்று முதலிலேயே வாசித்துக் காட்டுகிறார்கள். இதைக் கேட்ட பிறகும் நான் எழும்பவில்லை. "பார்க்கப் பத்தொன்பது, இருபது மாதிரி இருந்தாள், கடையில் சனம், அதனால் கேட்கவில்லை" என்றேன். எனக்கு அது நல்ல பதிலாகத் தோன்றியது. அதிகாரி குரலை உயர்த்தாமல் கேட்டார்: "உங்கள் கவுண்டரில் சலஞ்ச் 25 போஸ்டர் இருக்கிறதுதானே?"

இருக்கிறது. இருபத்தைந்துக்குக் குறைவாகத் தெரிகிற எவரிடமும் ஐடி கேட்போம் என்று எங்கள் கடை தானே எழுதி ஒட்டிய போஸ்டர். இருபது மாதிரி இருந்தாள் என்று என் வாயாலேயே சொன்னால், என் சொந்த விதியை நானே மீறினேன் என்று ஒத்துக்கொண்டதாகத்தானே ஆகும்.

பிறகுதான் ஒரு சொலிசிட்டரிடம் (வழக்கறிஞர்) போனேன். அவர் சட்டத்தை இப்படி விளங்கப்படுத்தினார். விற்றவர் தப்பிக்க இரண்டு வழிதான் உண்டு, இரண்டுக்குமே முதலில் அந்த ஆளுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது என்று உண்மையாக நம்பியிருக்க வேண்டும். ஒரு வழி, ஐடி கேட்டிருக்க வேண்டும், காட்டிய ஐடி எந்தச் சாதாரண மனிதரும் நம்பக்கூடியதாக இருந்திருக்க வேண்டும். மற்ற வழி, அந்த ஆளைப் பார்த்தால் பதினெட்டுக்குக் குறைவு என்று யாருமே சந்தேகப்பட முடியாத தோற்றமாக இருந்திருக்க வேண்டும். அதாவது தாடி நரைத்த ஆள் போல. நான் இரண்டிலும் விழுந்துவிட்டேன். கள்ள ஐடியைக் காட்டி ஏமாற்றியிருந்தால்கூட எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். கேட்காதவனுக்கு எந்த வழியும் இல்லை. நீதிமன்றத்துக்குப் போனால் இந்த அபராதத்துக்கு உச்ச வரம்பே இல்லை, 2015இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். கடையின் லைசென்ஸ் வேறு, குடிவகை விற்க எனக்கென்று இருக்கிற தனிப்பட்ட லைசென்ஸ் வேறு; அந்தத் தனிப்பட்ட லைசென்ஸை ஆறு மாதம்வரை நிறுத்தவோ முழுதாகப் பறிக்கவோ நீதிமன்றத்தால் முடியும். அன்றிரவு நித்திரை வரவில்லை. வீட்டுக் கடன், மகளின் யூனிவர்சிட்டி, ஊரில் அம்மாவின் மருந்துச் செலவு, எல்லாம் அந்த ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரணைக் கடிதம் வந்த அன்றைக்கே ஒருவரைப் பிடியுங்கள். அதுவும் லைசென்சிங் வேலை செய்கிற ஆளாக. எங்கள் ஆட்கள் வீடு வாங்கவும் விசா எடுக்கவும் போகிற அதே சொலிசிட்டரிடம் இதற்கும் போவார்கள், நானும் முதலில் அவரிடம்தான் போன் எடுத்தேன். நல்ல மனிதர், "எனக்கு இது தெரியாது தம்பி, வேறு ஆளிடம் போங்கோ" என்று நேராகச் சொன்னார்.

கடைசியில் கவுன்சில் என்னை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் ஒரு கோஷனோடு, அதாவது முறையான எச்சரிக்கையோடு, அந்தப் பக்கம் முடிந்தது. அதில் கையெழுத்துப் போடுவது என்பது குற்றத்தை ஏற்பது என்று சொலிசிட்டர் இரண்டு தடவை சொல்லி, யோசிக்க நேரம் தந்து, பிறகுதான் போடவிட்டார். ஆனால் அதே மாதம் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் கடையின் லைசென்ஸை மறுபரிசீலனை செய்யக் கேட்டு மனு போட்டார்கள். இதுதான் ரிவியூ. பணமும் மானமும் போனது இங்கேதான்.

ரிவியூ என்றால் கடைக்கு வெளியே ஒரு அறிவித்தல் ஒட்டுவார்கள். வெளிறிய நீல நிறத் தாள், பெரிய கறுப்பு எழுத்து, 28 நாள் அங்கேயே இருக்க வேண்டும். எதற்காக ரிவியூ என்று அதில் இருக்கும். யாரும் கவுன்சிலுக்கு ஆதரவாகவோ எதிராகவோ எழுதலாம். ஜூன் நடுவில் வந்து ஒட்டினார்கள். எட்டு வருடமாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவி அதன் முன்னால் நின்று கண்ணாடியைப் போட்டு முழுதாக வாசித்ததை உள்ளேயிருந்து பார்த்தேன். வாசித்துவிட்டு உள்ளே வந்து வழமைபோலப் பத்திரிகை வாங்கினா. ஒன்றும் கேட்கவில்லை. கோயிலில் பார்க்கிற எங்கள் ஆட்கள் சிலர் கேட்டார்கள், கேட்ட விதம் வேறு. அந்த 28 நாளும் கடை திறக்கவே மனமில்லாமல் இருந்தது. ஆனால் அந்தக் கிழவி உட்பட பதினொரு பேர் எனக்கு ஆதரவாகக் கடிதம் எழுதியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. வெட்கத்தில் முகத்தை மறைக்காமல், நாமாகவே வாடிக்கையாளர்களிடம் நடந்ததைச் சொல்லியிருந்தால் இன்னும் பலர் எழுதியிருப்பார்கள்.

சொலிசிட்டர் இன்னொரு நல்ல வேலை செய்தார். ரிவியூ விசாரணை நாள்வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே எல்லாவற்றையும் திருத்துங்கள், அதைத்தான் நாங்கள் அங்கே காட்டப்போகிறோம் என்றார். குடிவகை ஸ்கான் செய்தால் "ஐடி பார்த்தாயா" என்று கேட்டு, பதில் அழுத்தாமல் அடுத்ததற்குப் போகவிடாதபடி டில்லை மாற்றினோம். இன்றைக்கு எந்தத் திகதியில் அல்லது அதற்கு முன் பிறந்திருக்க வேண்டும் என்று டில் தானே காட்டுகிறது, மனக்கணக்கு வேண்டாம். கமரா 31 நாள் பதிவை வைத்திருக்கும்படி மாற்றினோம். எல்லோருக்கும் பயிற்சி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப, கையெழுத்தோடு. மனைவி ஒரு நாள் வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதி, 40 கேள்வியில் 36 சரியாகச் செய்து, 37 பவுண்ஸ் கட்டித் தனக்கென்று லைசென்ஸ் எடுத்தாள். கடையின் பொறுப்பாளராக என் பெயரை எடுத்து அவள் பெயரைப் போட இன்னுமொரு 23 பவுண்ஸ். இந்த மாற்றம் எனக்கு வலித்தது, மறைக்கமாட்டேன்.

ஓகஸ்ட் முதல் கிழமையில் ரிவியூ விசாரணை. மூன்று கவுன்சிலர்கள், ஒரு சட்ட ஆலோசகர், எதிரே ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ், பொலிஸ். லைசென்ஸை முழுதாக ரத்துச் செய்ய வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். சிறுவர்களுக்கு விற்பது போன்ற விடயங்களில் முதல் தடவையே ரத்தைப் பற்றி யோசிக்கலாம் என்று அரசாங்கத்தின் வழிகாட்டலே சொல்கிறது, அதை வாசித்தும் காட்டினார்கள். என்னிடம் ஒரு கவுன்சிலர் கேட்டது ஒரே கேள்வி: "மார்ச்சில் கடிதம் வந்தபிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?" ஒன்றும் செய்யவில்லை, வேலையாளைத் திட்டினேன், அவ்வளவுதான் என்று சொன்னேன். சொலிசிட்டர் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தார். சாக்குச் சொல்லாதது உதவியது என்று பிறகு சொன்னார். முடிவு: ஆறு கிழமைக்குக் குடிவகை விற்கத் தடை, அதோடு நாங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் லைசென்ஸின் நிபந்தனைகளாகின. மூன்று மாதம்வரை நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அப்பீல் செய்ய 21 நாள் தந்தார்கள், செய்யவில்லை.

செப்டெம்பரில் பின்சுவர் முழுவதையும் கறுப்புத் திரையால் மூடினோம். சிகரெட்டுக்கு வருகிறவர்கள் பியர் இல்லை என்றதும் சிகரெட்டும் வாங்காமல் அடுத்த கடைக்குப் போனார்கள். கணக்குப் பார்த்தால் குடிவகையில் போன இலாபம் ஏறக்குறைய 4,800 பவுண்ஸ், மற்றச் சாமான்களில் 2,000 அளவில், சொலிசிட்டருக்கு 2,900, கமராவும் டில்லும் சேர்த்து 1,200. கிட்டத்தட்ட 11,000 பவுண்ஸ். இதில் வராதது, இரவு கண் விழித்த மணித்தியாலங்கள்.

குடும்பக் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளை டில்லில் நிற்பாட்டுகிறோம், நானும் மகளை நிற்பாட்டியிருக்கிறேன். பதினெட்டு ஆகாதவர் குடிவகை விற்றால் ஒவ்வொரு விற்பனைக்கும் பெரியவர் ஒருவர் அங்கேயே நின்று சரி சொல்ல வேண்டும். பின்னறையில் இருந்துகொண்டு பிள்ளையை விற்கவிட்டால் அதுவும் குற்றம். லொத்தருக்கும் 2021 இலிருந்து பதினெட்டு வயது. பிறகு, வெளியே நிற்கிற பிள்ளைகள் பெரிய ஆளிடம் காசு கொடுத்து அனுப்புவதைக் கண்டால், அந்தப் பெரிய ஆளுக்கும் விற்காதீர்கள். கேட்கும்போது "எத்தனை வயது" என்று கேட்காமல், சிரித்துக்கொண்டு "ஐடி பார்க்கலாமா" என்று கேளுங்கள். பாஸ்போர்ட், படம் உள்ள ட்ரைவிங் லைசென்ஸ், வயதை உறுதிப்படுத்துகிற பாஸ் (PASS) ஹோலோகிராம் உள்ள அட்டை. அட்டையைக் கையில் வாங்கித் தடவிப் பாருங்கள், போனில் காட்டுகிற படத்தை நான் எடுப்பதில்லை. கோபப்படுவார்கள். முப்பது வயது ஆள் ஒருவர் போத்தலை வைத்துவிட்டுப் போனார், ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தார், கையில் லைசென்ஸோடு.

தடை முடிந்த கிழமை தம்பியைக் கூப்பிட்டு 90 பவுண்ஸை ஒரு கவரில் வைத்துக் கொடுத்தேன். "எதுக்கண்ணை?" என்றான். உன்னைத் திட்டிய அதே பிழையை நான் செய்தேன், நீ கட்டியதை நான் கட்டியிருக்க வேண்டும் என்றேன். அவன் வாங்கவில்லை. கவரை டில்லுக்கு மேலே வைத்துவிட்டுப் பால் அடுக்கப் போய்விட்டான். அடுத்த நாள் அவனுடைய ஜாக்கெட் பைக்குள் வைத்தேன்.

2023 பெப்ரவரியில் கவுன்சிலிலிருந்து மறுபடி ஒரு கடிதம். உறையைக் கிழிக்கவே பயமாக இருந்தது. கடந்த சனிக்கிழமை பின்னேரம் ஒரு டெஸ்ட் பேர்ச்சஸ் நடந்தது, உங்கள் கடையில் விற்க மறுத்தார்கள், நன்றி என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கு நான் கடையில் இல்லை. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 5.40, பிள்ளை, கிட்டத்தட்ட 17 என்று நினைக்கிறேன், சாம்பல் நிற ஜாக்கெட், வொட்கா சின்னப் போத்தல், ஐடி இல்லை. தம்பியின் கையெழுத்து. கீழே 6.15க்கு இன்னொரு வரி, 7.05க்கு இன்னொன்று.